விதை, மண், கொஞ்சம் உரம்

முதலில் ஒரு டிஸ்கி. நான் படிப்பது பி.காம் மூன்றாம் ஆண்டு. ப்ளஸ் டூவிலும் காமர்ஸ் குரூப்தான். உயிரியல் என்று நான் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில், படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவ முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். இது வரலாறு மட்டும்.

வழக்கமாக இங்கே பங்குச் சந்தை, பழைய சினிமா, பஸ் பயணம் என்று ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை கொஞ்சம் கனமான சமாச்சாரம். காரணம், என் அத்தை.

அத்தைக்கு மார்பில் கட்டி வந்து, பயாப்ஸி எடுத்து, அறுவை சிகிச்சையும் முடிந்தது. ரிப்போர்ட்டில் ஒரு வரி: ஹெர்-2, 3+. மாமா அதைப் பார்த்துவிட்டு, "மூணு மார்க்கா? எத்தனைக்கு?" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தை மட்டும் என்னைக் கூப்பிட்டு, "டேய், கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் ஏன் எலும்பு ஸ்கேன், ஈரல் ஸ்கேன்? எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சுதானே? இன்னும் ஒரு வருஷம் ஊசி எதுக்கு? நெட்ல பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். ஒரு வாரம் என்று ஆரம்பித்தது இரண்டு மாதமாகிவிட்டது. அத்தை கேட்ட அதே கேள்வியை ஒருவர் 1889-லேயே கேட்டிருக்கிறார் என்பது தெரிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பெயர் ஸ்டீஃபன் பாஜெட். லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணர். (அப்பா ஜேம்ஸ் பாஜெட்டும் பெரிய டாக்டர்தான், மார்பகக் காம்பில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு அப்பா பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.) மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி, நோய் எந்தெந்த உறுப்புக்குப் போயிருக்கிறது என்று எண்ணினார் மகன் பாஜெட். கிட்டத்தட்ட ஒரு ஆடிட்டர் செய்கிற வேலை! ஈரலில் 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு.

இதில் என்ன விசேஷம்? மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. புற்று செல்கள் ரத்தத்தில் மிதந்துபோய் எங்கே தட்டுகிறதோ அங்கே ஒதுங்குகின்றன என்றால், இரண்டு உறுப்புக்கும் இத்தனை வித்தியாசம் இருக்கக்கூடாது. ஆக, இது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்றார் பாஜெட். செடி விதை விடும்போது விதைகள் எல்லாத் திசையிலும் போகும், ஆனால் ஒத்துக்கொள்கிற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்பது அவர் சொன்ன உவமை. எல்லோரும் விதையையே ஆராய்கிறார்கள், மண்ணையும் கொஞ்சம் பாருங்கள் என்று எழுதிவைத்தார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்து ஹீரோ அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். புற்றுநோய் மார்பிலிருந்து படிப்படியாக, எண்ணெய்க் கறை துணியில் பரவுவதுபோல வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் பள்ளி. மார்பு, அதன் கீழே உள்ள தசை, அக்குளின் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஏறத்தாழ எண்பது வருடம் இந்த முறை ஆட்சி செய்தது. எத்தனை பெண்கள் கையைத் தூக்க முடியாமல் மிச்ச வாழ்நாளைக் கழித்திருப்பார்கள் என்று நினைத்தால் என்னமோ செய்கிறது. 1971-ல் பெர்னார்ட் ஃபிஷர் என்பவர் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஆரம்பித்தார். அகலமாக வெட்டியவர்களும் குறைவாக வெட்டியவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்தார்கள் என்று தெரிந்தது. அதாவது, யாருக்கெல்லாம் நோய் பரவ வேண்டுமோ அவர்களுக்குக் கத்தி படுவதற்கு முன்பே விதை கிளம்பிப் போயிருக்கிறது.

அத்தையின் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி, அந்த விதையை எது கிளப்பியது, எது முளைக்கவைத்தது என்பது. பதில் கிடைத்த இடம் புற்றுநோய் ஆஸ்பத்திரி இல்லை. இத்தாலியில் ஒரு படுக்கையறை.

ரீட்டா லெவி-மொன்டால்சினி, 1909-ல் டூரின் நகரில் பிறந்த யூதப் பெண். மருத்துவம் படித்து ஆராய்ச்சியில் இருந்தவரை 1938-ல் முசோலினியின் இனச் சட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவி செய்துகொண்டார். கோழி முட்டைக்குள் வளரும் கருவில் நரம்புகள் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. டூரின் மேல் குண்டு விழ ஆரம்பித்ததும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் இதே வேலை. ஆராய்ச்சி முடிந்ததும் மிச்ச முட்டை வீட்டுச் சமையலுக்குப் போகுமாம். போர்க்காலம், முட்டையை வீணாக்க முடியுமா?

போர் முடிந்தபின் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விக்டர் ஹாம்பர்கர் அவரை அழைத்தார். அங்கேதான் திருப்பம். எலியின் புற்றுக்கட்டித் துண்டு ஒன்றைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தால், கருவின் நரம்புகள் அதை நோக்கிக் காடாக வளர்கின்றன என்று இன்னொரு ஆராய்ச்சியாளர் சொல்லியிருந்தார். ரீட்டா அதைத் திரும்பச் செய்து பார்த்தார். கட்டியைத் தொடாத நரம்புகளும் சேர்ந்து வளர்ந்தன. தொடாமலே வளர்கிறது என்றால் கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து போகிறது என்று அர்த்தம். 1952-ல் கட்டியுள்ள எலிகளை எடுத்துக்கொண்டு விமானத்தில் ரியோ டி ஜெனிரோவுக்கே போனார், அங்கே திசு வளர்ப்பு வசதி இருந்த தோழியின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க. கண்ணாடித் தட்டில் நரம்புத் துண்டைச் சுற்றி, சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவார்களே ஒளிவட்டம், அதுபோல நாலாபக்கமும் இழைகள் கிளம்பின.

அந்தக் கசிவைப் பிரித்தெடுக்க 1953-ல் வந்து சேர்ந்தவர் ஸ்டான்லி கோஹன், உயிர்வேதியியல்காரர். இந்த இரண்டு பேருடைய கதையைத் தனிப் பதிவாகவே எழுதலாம். ஒரு பரிசோதனைக்காகப் பாம்பு விஷத்தைச் சேர்க்கப்போய், விஷத்திலேயே அந்தச் சரக்கு எக்கச்சக்கமாக இருப்பது தெரிந்தது. பாம்பின் விஷப்பைக்குச் சமமானது எலியிடம் எது என்று யோசித்தார் கோஹன்: உமிழ்நீர்ச் சுரப்பி! அங்கேயும் இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டபோது இன்னொரு வினோதம் நடந்தது. எலிக்குட்டி சாதாரணமாக இரண்டு வாரத்தில்தான் கண் திறக்கும். இவை ஒரே வாரத்தில் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. நரம்புக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சாற்றில் இரண்டாவதாக இன்னொரு புரதம் இருந்திருக்கிறது. நானாக இருந்தால் "சரக்கு சுத்தமில்லை" என்று கொட்டிவிட்டுப் போயிருப்பேன். கோஹன் அதைத் துரத்தினார். 1959-ல் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனபின்பும் துரத்தினார். 1962-ல் பிரித்தெடுத்து வெளியிட்டார். மேல்தோல் செல்களை வளரச் சொல்லும் புரதம் என்பதால் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈ.ஜி.எஃப்.

இந்த ஈ.ஜி.எஃப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி வரும். இது நல்ல புரதம்தான். நம் உடம்பில் காயம் ஆறுவதில் இதற்குப் பங்கு உண்டு. நம் ஊரில் நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணுக்கு இதே புரதத்தை வைத்துச் செய்த ஜெல் விற்கிறார்கள்.

ஒரு புரதம் செல்லுக்கு வெளியே நின்றுகொண்டு "வளர்" என்று எப்படி உள்ளே சொல்கிறது? செல்லின் மேல்தோலில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் அழைப்பு மணி மாதிரி. பொத்தான் வெளியே, சத்தம் உள்ளே. ஈ.ஜி.எஃப் வந்து பொத்தானை அழுத்தினால் ஏற்பியின் உள்பக்கம் உயிர்பெற்று, செல்லுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி ஓடி, கடைசியில் செல் இரண்டாகப் பிரியும். விரல் எடுத்ததும் சத்தம் நின்றுவிட வேண்டும். அதுதான் ஒழுங்கு.

புற்றுநோயில் இந்த ஒழுங்கு கெடுகிறது என்பது 1980-களில் வரிசையாக வெளிவந்தது. 1983-ல், குரங்கிடம் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸின் ஜீனும், ரத்தத் தட்டுக்களில் உள்ள ஒரு வளர்ச்சிக் காரணியும் அச்சாக ஒன்றுபோல இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ரஸல் டூலிட்டில், புரத வரிசைகளை எல்லாம் கணினியில் தட்டிச் சேர்த்துவைத்திருந்தவர். ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருந்திவிட்டது. 1984-ல் கோஹனின் ஈ.ஜி.எஃப் ஏற்பியும், கோழிக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் ஜீனும் உறவு என்று தெரிந்தது. வைரஸிடம் இருந்தது பொத்தான் உடைந்துபோய் ஓயாமல் அடிக்கும் மணி! புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்த எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அது நம் வீட்டு மணியே பழுதானது என்று தெரிந்த வருடங்கள் அவை.

இதே நேரத்தில் எம்.ஐ.டியில் ராபர்ட் வெயின்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து போயிருந்த லட்சுமி சரண் பாதி என்ற நம் நாட்டுக்காரர், எலியின் நரம்புக்கட்டியிலிருந்து ஒரு ஜீனின் தடயத்தைப் பிடித்தார். 1982-ல் கட்டுரை வந்தது. பிறகு அந்த ஜீனுக்கு 'நியு' என்று பெயர் வந்தது. அதுவரை தெரிந்திருந்த ராஸ் போன்ற புற்று ஜீன்களின் புரதம் செல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும். இது வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே இருப்பதை ஆன்டிபாடியால் பிடிக்கலாம். ஆன்டிபாடியும் அவர்கள் கையில் இருந்தது. அதையே மருந்தாகப் போட்டுப் பார்க்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. 1985-ல் மார்க் கிரீன் என்பவரின் குழு, நியுவுக்கு எதிரான ஆன்டிபாடியைப் புற்று செல்கள் மேல் போட்டு, அவை அடங்குவதைக் காட்டியது. கையில் வெண்ணெய் இருந்தது, நெய்க்கு அலையக்கூட இல்லை. ஆனால் இப்போது உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம், ஒப்புக்கொள்கிறேன்.

அதே 1985-ல் கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் கம்பெனியில் ஆக்செல் உல்ரிக் குழு, மனிதனிடம் ஈ.ஜி.எஃப் ஏற்பிக்குத் தம்பி போன்ற ஓர் ஏற்பியின் ஜீனைப் படித்து வெளியிட்டது. பார்த்தால், அதுவும் எலியின் நியுவும் ஒன்றே. மனித ஈ.ஜி.எஃப் ஏற்பி வகையில் இரண்டாவது என்பதால் பெயர் ஹெர்-2. ஆம், அத்தையின் ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்.

உல்ரிக்கிடம் ஜீன் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற டாக்டரிடம் நோயாளிகளின் கட்டிகள் பத்திரமாக உறைந்து கிடந்தன, எதைத் தேடுவதென்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தன. 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். சாதாரணமாக ஒரு செல்லில் ஹெர்-2 ஜீன் இரண்டு பிரதி இருக்க வேண்டும். நூற்றுக்கு 30 கட்டிகளில் அது பெருகிக் கிடந்தது, சிலவற்றில் 20 மடங்குக்கும் மேல். பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வந்தது, சீக்கிரம் இறந்தார்கள். 1987 ஜனவரியில் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ரீட்டாவும் கோஹனும் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசை வாங்கியிருந்தார்கள். (பிறகு வந்த பெரிய கணக்குகளின்படி ஹெர்-2 மிகுந்தவை நூற்றுக்கு 15 முதல் 20 வரை.)

ஏன் இது இவ்வளவு மோசம்? ஹெர்-2-வின் குணம் அப்படி. மற்ற ஏற்பிகளுக்குப் பொத்தானை அழுத்த ஒரு புரதம் வேண்டும். இதற்கென்று அப்படிப்பட்ட புரதம் எதுவும் கிடையாது. எப்போதும் கையை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஏற்பியோடு ஜோடி சேரத் தயாராக நிற்கும். ஜோடி சேர்ந்தால் மணி அடிக்கும். ஒரு சாதாரண செல்லின் மேல் சுமார் 20 ஆயிரம் ஹெர்-2 என்றால், இந்தப் புற்று செல்லின் மேல் 20 லட்சம் வரை. நெரிசலில் தானாகவே முட்டிக்கொண்டு ஜோடி சேரும். யாரும் அழுத்தாமலே எல்லா மணியும் அடிக்கும். பிரி, சாகாதே, நகர் என்று மூன்று உத்தரவும் சேர்ந்து உள்ளே போகும். 3+ என்றால் இதுதான், மாமா. மூன்றுக்கு மூன்று. இந்த ஒரு பரீட்சையில் மட்டும் சென்டம் வாங்கக்கூடாது.

மருந்து வந்த கதையில் என் டிபார்ட்மெண்ட் வருகிறது, பணம்! ஜெனென்டெக்குக்குப் புற்றுநோயில் அப்போது ஆர்வம் இல்லை. கை சுட்டுக்கொண்ட மருந்துகள் ஏற்கெனவே உண்டு. ஸ்லேமன் விடாமல் நச்சரித்தார். லிப்ஸ்டிக் விற்கும் ரெவ்லான் கம்பெனி அவர் ஆராய்ச்சிக்கு இருபது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தது. எலி ஆன்டிபாடியை அப்படியே மனிதனுக்குப் போட்டால் உடம்பு ஏற்காது என்பதால், அதன் பிடிக்கும் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். 1992-ல் அந்தக் கட்டுரை வந்தது. டிராஸ்டுசுமாப், கடைப்பெயர் ஹெர்செப்டின்.

சோதனையில் சேர்க்காமலே சில பெண்கள் இறந்துபோனார்கள். மருந்து கேட்டுக் கெஞ்சி, கம்பெனி மறுத்து, ஒரு பெண் மருத்துவரே இறந்தபின், 1994 டிசம்பரில் நோயாளிகளும் தோழிகளும் சவ ஊர்வலம் போலக் கார்களில் ஜெனென்டெக் வளாகத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். அதன்பின்தான் சோதனைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் குலுக்கல் முறையில் கொஞ்சம் மருந்து தர கம்பெனி இறங்கிவந்தது. குலுக்கல்! உயிருக்குச் சீட்டு. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

469 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில், கீமோ மட்டும் என்றால் நோய் மறுபடி தலைதூக்க 4.6 மாதம், ஹெர்செப்டினும் சேர்ந்தால் 7.4 மாதம். இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நிஜமான பலன் 2005-ல் தெரிந்தது. அறுவை முடிந்த உடனேயே, பரவல் கண்ணுக்குத் தெரியும் முன்பே ஒரு வருடம் கொடுத்தால், நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அத்தையின் "ஒரு வருஷம் ஊசி எதுக்கு?" என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கிளம்பிப் போன விதை முளைக்கும் முன்பே மடக்குவது.

மண்ணின் கதை பாக்கி இருக்கிறது. பாஜெட்டைத் திரும்ப எடுத்தவர் ஐசாயா ஃபிட்லர். 1970-ல், எலியின் ரத்தத்தில் விட்ட புற்று செல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட ஒரு நாள் தாண்டிப் பிழைப்பதில்லை என்று கணக்கெடுத்தார். ஊரை விட்டுப் போவது சுலபம், போன இடத்தில் பிழைப்பதுதான் கஷ்டம். அப்படியென்றால் மார்பகப் புற்றுக்கு எலும்பு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

எலும்பு ஒரு வங்கி. கால்சியத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். வளர்ச்சிக் காரணிகளும் அங்கே டெபாசிட் ஆகிக் கிடக்கின்றன, முக்கியமாக டி.ஜி.எஃப்-பீட்டா என்பது. எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து கொஞ்சம் கட்டப்படும். அங்கே வந்து சேரும் புற்று செல் ஒரு புரதத்தைச் சுரந்து, கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரைகிறது, உள்ளே இருந்த டி.ஜி.எஃப்-பீட்டா வெளியே வருகிறது, அது புற்று செல்லை இன்னும் அதிகமாகச் சுரக்கவைக்கிறது, இன்னும் எலும்பு கரைகிறது. கூட்டு வட்டி! கிரெகரி மண்டி, தெரசா கைஸ் ஆகியோர் 1990-களில் இந்தச் சுழலை விளக்கினார்கள். பாஜெட் சொன்ன மண்ணில் உரம் ஏற்கெனவே போட்டுவைக்கப்பட்டிருக்கிறது. எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கரைவதைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

இப்போது ஈ.ஜி.எஃப். 2004-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜான் காண்டீலிஸ், ஜெஃப்ரி போலார்ட் குழு, எலியின் மார்பகக் கட்டியில் செல்கள் நகர்வதை உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்தது. கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கும். குப்பை அள்ளுவதும் காயம் ஆற்றுவதும் அவற்றின் வேலை. புற்று செல் ஒரு காரணியைச் சுரந்து மேக்ரோஃபேஜைக் கூப்பிடுகிறது. மேக்ரோஃபேஜ் பதிலுக்கு ஈ.ஜி.எஃப் சுரக்கிறது. ஈ.ஜி.எஃப் கிடைத்த புற்று செல் அது வரும் திசையில் நடக்கிறது. இப்படி மாறி மாறி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இரண்டும் ரத்தக் குழாய் வரை போய்விடுகின்றன. மேக்ரோஃபேஜ் துரோகி இல்லை. அது காயம் ஆற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. காயத்தின் ஓரத்துத் தோல் செல்களை நடுவே நகரச் சொல்லும் உத்தரவும் இதுதான். எலிக்குட்டியின் கண்ணை ஒரு வாரம் முன்னதாகத் திறந்த புரதமும் இதுதான்.

எல்லா வளர்ச்சிக் காரணியையும் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக் குழாயை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப் என்ற காரணியை அடைக்கும் அவாஸ்டின் மருந்துக்கு 2008-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்காக அனுமதி கிடைத்தது. உயிர் நீள்வதாக நிரூபணம் வரவில்லை, பக்க விளைவுகள் வந்தன. 2011 நவம்பரில் அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். ஹெர்-2-விலும் சிக்கல் இல்லாமல் இல்லை. இந்த வகைப் புற்று மூளைக்குப் போனால் ஆன்டிபாடி அங்கே எளிதில் நுழையாது. இருதயத் தசைக்கும் ஹெர்-2 வேண்டும். அதனால் சிலருக்கு இருதயம் தளர்கிறது. அந்த 469 பேர் சோதனையில், ஒரு குறிப்பிட்ட கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 27 பேருக்கு இருதயப் பிரச்னை வந்தது. இப்போது அந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள், எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசியாக விலை. இந்தியாவில் ஆரம்பத்தில் முழுச் சிகிச்சைக்குப் பல லட்சம் ஆனது. வீட்டை விற்றாலும் போதாத குடும்பங்கள் உண்டு. 2012-ல் மருந்தை மலிவாக்கக் கோரி இங்கே பிரசாரம் நடந்தது. 2013-ல் ரோஷ் கம்பெனி இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. அதே வருடம் நவம்பரில் பெங்களூரின் பயோகான் தயாரித்த ஒத்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் காப்புரிமை முடிந்தபின் விலை விழுவதைப் பற்றிப் படித்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன். அதே கணக்கு அத்தை வீட்டு பில்லில் வந்தபோது ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்தேன்.

இதையெல்லாம் அத்தையிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். கூட்டு வட்டி உடனே புரிந்துவிட்டது, சீட்டு நடத்தியவராயிற்றே. ரீட்டாவின் முட்டைக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. "அந்தம்மா எவ்வளவு வயசு வரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டார். 2012-ல் இறந்தபோது 103 என்றேன். "நல்லா இருந்திருக்கு" என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒன்றாக இதுவரை ஒன்பது ஊசி ஆகியிருக்கிறது. வியாழக்கிழமை எக்கோ. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.